ரோவரின் தலைக்கு மேலே ஒரு காது

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. செவ்வாயில் ஓடும் ரோவர் பூமியோடு நேராகவே பேசலாமே, நடுவில் எதற்கு இன்னொரு செயற்கைக்கோள்? அப்புறம், அங்கே ஜிபிஎஸ் கிடையாது என்றால் ரோவர் நிற்கிற இடம் எப்படித் தெரிகிறது? இரண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரி இருந்தாலும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ரோவரின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கலத்தில். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேராகப் பேச முடியும். நாசாவின் கியூரியாசிட்டி ரோவரின் முதுகில் அறுகோண வடிவில் ஒரு ஆன்டெனா இருக்கிறது, அதைப் பூமியின் பக்கம் திருப்பிப் பேசலாம். ஆனால் வேகம் பரிதாபம். நாசா சொல்லும் கணக்குப்படி நொடிக்கு 500 பிட்டிலிருந்து 32,000 பிட் வரை, பூமி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கீழே எந்த டிஷ் கேட்கிறது என்பதைப் பொறுத்து. அதே ரோவர் தலைக்கு மேலே போகும் எம்ஆர்ஓ (மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர்) என்கிற நாசா சுற்றுக்கலனிடம் பேசினால் நொடிக்கு 20 லட்சம் பிட் வரை போகும். சுற்றுக்கலன் தலைக்கு மேலே இருப்பது ஒரு தடவைக்குச் சுமார் 8 நிமிடம், அதற்குள் 100 முதல் 250 மெகாபிட் வரை ஏற்றிவிடலாம். அந்த 250 மெகாபிட்டை நேராகப் பூமிக்கு அனுப்ப 20 மணி நேரம் வரை ஆகும். ரோவரால் அப்படி 20 மணி நேரம் பேசிக்கொண்டிருக்கவும் முடியாது, பேட்டரி தாங்காது, பூமியும் அதற்குள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால் தூரம். ரேடியோ அலையைப் பொறுத்தவரை தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் சக்தி நாலில் ஒரு பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. சுற்றுக்கலன் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, பூமி 20 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 5 லட்சம் மடங்கு. சக்தி குறைவது 5 லட்சத்தின் வர்க்கம், அதாவது 25,000 கோடி மடங்கு. பூமியில் 34 மீட்டர், 70 மீட்டர் டிஷ்களை வைத்து இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறார்கள். ஆனால் ரோவர் பக்கம் பெரிய டிஷ் வைக்க இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. எம்ஆர்ஓவிடம் 3 மீட்டர் டிஷ் இருக்கிறது, 100 வாட் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, பெரிய சோலார் பலகைகள் இருக்கின்றன. நீண்ட தூரத்துக்குக் கத்துகிற வேலையை அதனிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் ரோவர் பேசினால் போதும். அதுதான் ரிலே.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட மொட்டை மாடியில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். எனக்கு ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் பழக்கம் உண்டு. எஸ்ஓ-50 என்று ஒரு சின்ன செயற்கைக்கோள், 2002 டிசம்பரில் ஏவியது, அதன் குரல் 436.795 மெகாஹெர்ட்ஸில் கீழே வரும். கையில் ஒரு யாகி ஆன்டெனா, ஒரு சின்ன வாக்கி டாக்கி, இது போதும். அது அடிவானத்தில் ஏறும்போது அந்த எண்ணிலேயே வைத்துக் காத்திருந்தால் கரகரப்புதான் வரும். 436.805-க்கு ஏற்றி வைத்தால் குரல் பளிச்சென்று கேட்கும். தலைக்கு மேலே வரும்போது 436.795, தாண்டிப் போகப் போக 436.785. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், அந்த நேரம் முழுக்க ஒரு கை ஆன்டெனாவை வானத்தில் வளைத்துக்கொண்டே போகும், இன்னொரு கை குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு தடவை கடந்து போவதைத்தான் எங்கள் பேச்சில் பாஸ் என்போம். செவ்வாயிலும் அதே கதைதான். அங்கே சுற்றுக்கலன் ரோவரைக் கூப்பிடுவது 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ரோவர் பதில் சொல்வது 401 பக்கம். ரோவரில் திருப்புகிற ஆன்டெனா தேவையில்லை, எல்லாப் பக்கமும் ஓரளவு கேட்கிற ஒரு குட்டை ஆன்டெனா முதுகில் நிற்கிறது. குமிழ் திருகும் வேலையை எலெக்ட்ரா என்கிற ரேடியோ தானே செய்துகொள்கிறது. சிக்னல் நன்றாக இருந்தால் வேகத்தைக் கூட்டும், கலன் அடிவானத்துக்கு இறங்கினால் குறைக்கும்.

ரோவரின் ஒரு நாளே இந்தப் பாஸ்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எம்ஆர்ஓவின் பாதை சூரியன் இருக்கும் திசைக்கு ஒத்துப்போகிற மாதிரி அமைந்தது, அதனால் ரோவர் இருக்கிற இடத்துக்குத் தினமும் உள்ளூர் நேரம் பிற்பகல் 3 மணி வாக்கிலும் பின்னிரவு 3 மணி வாக்கிலும் வரும். காலையில் பூமியிலிருந்து உத்தரவு பெரும்பாலும் நேராகவே ரோவருக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் உத்தரவு சின்னது, மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. பகலில் ரோவர் ஓடும், துளைக்கும், படம் எடுக்கும். பிற்பகல் பாஸில் அன்றைக்கு எடுத்ததில் முக்கியமானதை மேலே ஏற்றும். ரோவர் எங்கே போய் நின்றது, சக்கரத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, கை எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் பூமிக்கு வந்தால்தான் கீழே உட்கார்ந்திருக்கும் குழு அடுத்த நாள் வேலையைத் திட்டமிட முடியும். அந்தப் பாஸ் சரியில்லை என்றால் மறுநாள் ரோவரை நகர்த்தவே மாட்டார்கள், நிற்கிற இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். பின்னிரவுப் பாஸுக்காக ரோவர் உறைகிற குளிரில் தூக்கத்திலிருந்து எழுந்து, ரேடியோவைப் போட்டு, மிச்சத்தை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். ஒரு நாளில் ரோவர் எவ்வளவு தூரம் ஓடியது என்று செய்தியில் வருகிறதே, அதற்குப் பின்னால் எந்தக் கலன் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் மேலே போனது என்கிற அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்றால் 1976-இல் நாசாவின் வைக்கிங் கலங்களோடு. லேண்டரும் (தரையில் இறங்கி ஒரே இடத்தில் நிற்கும் கலம்) சுற்றுக்கலனும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன, லேண்டரின் படங்கள் சுற்றுக்கலன் வழியாகத்தான் பெரும்பாலும் வந்தன. சுற்றுக்கலன்கள் ஓய்ந்த பிறகும் வைக்கிங்-1 லேண்டர் நேராகவே பூமியோடு பேசிக்கொண்டிருந்தது. 1982 நவம்பரில் தவறான ஒரு உத்தரவு போய், ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்புவதற்கான தகவல் அழிந்துபோனது. அதோடு பேச்சு நின்றது. மேலே ஒரு காது இருந்திருந்தால் மீட்டிருப்பார்களோ என்று எனக்கு இன்றும் தோன்றும்.

ரிலே என்றால் வேகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. தரையிறங்கும்போது ஏதாவது தப்பானால், என்ன தப்பானது என்று தெரியவேண்டும். 1999 டிசம்பர் 3 அன்று மார்ஸ் போலார் லேண்டர் இறங்கப் போனது. இறங்குகிற நேரத்தில் எந்தத் தகவலும் அனுப்பாத மாதிரிதான் அதை வடிவமைத்திருந்தார்கள். மறுபடி அது பேசவே இல்லை. கால்கள் விரிந்த அதிர்வைத் தரை தொட்ட அதிர்வு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு எஞ்சினை முன்னதாகவே அணைத்திருக்கும் என்பது விசாரணைக் குழு வந்த முடிவு. அதுவும் பூமியில் சோதித்துப் பார்த்து ஊகித்ததுதான், அந்தக் கலத்திடமிருந்து ஒரு பிட் சாட்சி கூட இல்லை. அதற்குப் பிறகுதான் இறங்கும்போது பேசாத கலத்தை அனுப்பக் கூடாது என்கிற எண்ணம் நாசாவில் உறுதியானது.

பிரிட்டனின் பீகிள்-2 லேண்டர் இன்னும் மனதைப் பிசைகிற கதை. 2003 கிறிஸ்துமஸ் அன்று இறங்கவேண்டியது. செவ்வாயைச் சுற்றும் நாசாவின் ஒடிசி கேட்டுப் பார்த்தது, இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி கேட்டது, அதைச் சுமந்து போன ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் சுற்றுக்கலனும் கேட்டது. ஒன்றும் வரவில்லை. நொறுங்கிவிட்டது என்றுதான் பதினொரு வருடம் எல்லோரும் நினைத்தோம். 2015 ஜனவரியில் எம்ஆர்ஓ எடுத்த படங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள், முழுசாக, தரையில் உட்கார்ந்தபடி. சோலார் பலகைகளில் சில மட்டும்தான் விரிந்திருந்தன. கடைசிப் பலகைக்கு அடியில்தான் ஆன்டெனா இருந்தது. பத்திரமாக இறங்கி, சொல்ல வாய் திறக்காமல் போய்விட்டது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய கோலின் பில்லிங்கர் 2014-இலேயே காலமாகிவிட்டார், தன் கலம் இறங்கியது என்று தெரியாமலே.

இதற்கு எதிர்ப்பக்கம் 2016 அக்டோபர் 19, ஐரோப்பாவின் ஷியாபரெல்லி லேண்டர். அதுவும் விழுந்து நொறுங்கியதுதான். ஆனால் இறங்குகிற நேரம் முழுக்க அது பேசிக்கொண்டே இறங்கியது, அதைச் சுமந்து போன தாய்க்கலமான டிஜிஓ (ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர்) அதைப் பதிவு செய்துகொண்டது. அந்தப் பதிவை வைத்து நடந்ததை நொடி நொடியாகப் பிரித்துவிட்டார்கள். பாராசூட் விரிந்தபோது கலம் ஆடிய ஆட்டத்தில் சுழற்சியை அளக்கும் கருவி தன் எல்லையைத் தொட்டு ஒரு நொடி வாக்கில் அங்கேயே நின்றுவிட்டது. கணினி அதை நம்பிக் கணக்குப் போட்டது, உயரம் தரைக்குக் கீழே என்று விடை வந்தது. உடனே பாராசூட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மூன்று நொடி மட்டும் எரித்து அணைத்தது. அப்போது அது 3.7 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. ஒரு தோல்வி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் அடுத்த கலத்தில் அதைத் திருத்தலாம். இதில் நமக்குப் பக்கத்து விஷயமும் ஒன்று உண்டு. ஷியாபரெல்லி இறங்கும்போது சுற்றுக்கலனுக்காக மெல்லிய குரலில் பேசியதை, புனேவுக்கு அருகே நாராயண்காவில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி நேரடியாகவே பிடித்தது. 45 மீட்டர் டிஷ்கள் 30 சேர்ந்த அமைப்பு அது. அப்படியும் கேட்டது குரல் இருக்கிறது, இல்லை என்கிற அளவுக்குத்தான், பேச்சு புரியவில்லை. பேச்சு முழுவதும் மேலே இருந்த டிஜிஓவிடம்தான் இருந்தது.

கியூரியாசிட்டி இறங்கிய நாளை நான் மறக்க மாட்டேன். 2012 ஆகஸ்ட் 6, நமக்குக் காலை 11 மணி. இறங்கும் இடத்திலிருந்து பார்த்தால் பூமி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது, அதாவது நேராகப் பேச வழியே இல்லை. ஒடிசி மட்டும்தான் கேட்டதைக் கேட்டபடி உடனுக்குடன் பூமிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது, எம்ஆர்ஓ பதிவு செய்து வைத்துக்கொண்டது. ஆனால் இரண்டு மாதம் முன்னால், ஜூனில், ஒடிசியின் திசை நிறுத்தும் சக்கரங்களில் ஒன்று மக்கர் பண்ணியது. பத்து வருடத்துக்கு மேல் சுற்றிய கலம். உதிரியாக இருந்த சக்கரத்துக்கு மாற்றி, ஜூலையில் எஞ்சினைச் சில நொடி எரித்துப் பாதையில் ஆறு நிமிடம் முன்னுக்குத் தள்ளினார்கள், இறங்குகிற நேரத்தில் சரியாக மேலே இருப்பதற்காக. அந்த ஆறு நிமிடத்தைத் தள்ளியிருக்காவிட்டால் ரோவர் இறங்கியிருக்கும், ஆனால் இறங்கியது என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இறங்கிய சில நிமிடத்தில் வந்த முதல் படம், மங்கலாக, தூசு படிந்த மூடி வழியாக ஒரு சக்கரம், அதுவும் ஒடிசி வழியாக வந்ததுதான்.

2018-இல் நாசாவின் இன்சைட் லேண்டர் போனபோது இந்த வேலைக்கென்றே இரண்டு குட்டிக் கலங்களைக் கூடவே அனுப்பினார்கள், மார்க்கோ ஏ, மார்க்கோ பி. ஒவ்வொன்றும் ஒரு பிரீஃப்கேஸ் அளவுதான். நவம்பர் 26 அன்று செவ்வாயைத் தாண்டிப் பறந்துகொண்டே, கீழே இறங்கும் இன்சைட்டின் குரலைக் கேட்டு நொடிக்கு 8,000 பிட் வேகத்தில் பூமிக்கு அனுப்பின. வேலை முடிந்தது, நிற்க எஞ்சின் இல்லை, அப்படியே சூரியனைச் சுற்றப் போய்விட்டன. கிரகங்களுக்கு நடுவே போன முதல் கியூப்சாட்கள், அதாவது பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோள்கள், அவை.

சரி, இப்போது கொஞ்சம் கவலையான பகுதி. செவ்வாய் ரிலே வலையமைப்பு என்று சொல்கிறோமே, அதில் ரிலேவுக்கென்றே கட்டிய கலம் ஒன்றுகூடக் கிடையாது. ஒடிசி 2001-இல் போனது, மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003, எம்ஆர்ஓ 2006, மேவன் 2014, டிஜிஓ 2016. எல்லாமே அறிவியல் ஆய்வுக்காகப் போனவை, ஓரமாக ஒரு ரிலே ரேடியோவையும் மாட்டிவிட்டார்கள். மேவன் வளிமண்டலத்தை அளக்கப் போனது, அதன் நீள்வட்டப் பாதையை 2019-இல் சுருக்கி ரோவர்களுக்கு உதவும்படி மாற்றினார்கள். 2025 டிசம்பர் 6 அன்று அது வழக்கம்போல் செவ்வாய்க்குப் பின்னால் போனது, வெளியே வந்தபோது சிக்னல் வரவில்லை. ஒடிசியின் எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. 2009-இல் ஏவுவதாக ஒரு தனி ரிலே கலம், மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் ஆர்பிட்டர், திட்டத்தில் இருந்தது, 2005-இல் பணம் இல்லை என்று ரத்து செய்தார்கள். இருபது வருடம் கழித்து, 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்றில் அதே பெயரில் ஒரு கலத்துக்கு 70 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், இது முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. கிணறு வெட்டிய பிறகு கயிறு தேடுகிற மாதிரி, ரோவரை இறக்கிவிட்டு மேலே எந்தக் கலன் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இந்தக் கைமாற்று ஏற்பாட்டில் ஒரு அழகும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1996-இல் போன அமெரிக்கக் கலம் மார்ஸ் குளோபல் சர்வேயரில் பிரான்ஸ் கொடுத்த ஒரு ரிலே ஆன்டெனா இருந்தது, ரஷ்யாவின் மார்ஸ்-96 கலத்தின் லேண்டர்களுக்காக. மார்ஸ்-96 ஏவிய உடனேயே பூமியில் விழுந்துவிட்டது. அந்த ஆன்டெனா வேலையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்து, 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் இறங்கும்போது அதன் குரலை வாங்கிக் கொடுத்தது. எல்லோரும் ஒரே பேச்சு முறையை ஒத்துக்கொண்டதால்தான் இப்படி நாடு மாறிக் கேட்க முடிகிறது. சுற்றுக்கலன் முதலில் கூப்பிடும், கீழே இருப்பது பதில் சொன்னதும் தகவல் ஓட ஆரம்பிக்கும். சீனாவின் ஜுரோங் ரோவரோடு மார்ஸ் எக்ஸ்பிரஸ் பேசிப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் கூப்பிடும் அலைவரிசை ஜுரோங்குக்குக் கேட்காது, ஜுரோங் பேசுவது மட்டும் மார்ஸ் எக்ஸ்பிரஸுக்குக் கேட்கும். சரி, கூப்பிடாமலே பேசச் சொல்வோம் என்று முடிவு செய்து, குறித்த நேரத்தில் ஜுரோங் தன்பாட்டுக்கு வானத்தைப் பார்த்துப் பேசியது, மேலே மார்ஸ் எக்ஸ்பிரஸ் காதைத் தீட்டிக்கொண்டு போனது. 2021 நவம்பர் 20 அன்று தகவல் முழுசாக வந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி, இடம் தெரிவது. மொட்டை மாடியில் குமிழ் திருகியதைச் சொன்னேன் அல்லவா, அந்தத் திருகலிலேயே விடை இருக்கிறது. கலம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை ஏறித் தெரியும், விலகும்போது இறங்கும், டாப்ளர் விளைவு. ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறுகிற அந்தக் கணம்தான் கலம் நமக்கு மிக அருகே இருந்த நேரம். மாற்றம் சடக்கென்று நடந்தால் கலம் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போயிருக்கிறது, மெதுவாக நடந்தால் ஓரமாகப் போயிருக்கிறது. கலத்தின் பாதை ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும் என்றால், இந்த ஒரு வளைவை வைத்தே நாம் நிற்கிற இடத்தைக் கணக்குப் போடலாம். இடப்பக்கமா வலப்பக்கமா என்கிற சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கும், அடுத்த பாஸ் வேறு கோணத்தில் வரும்போது அதுவும் தீர்ந்துவிடும். 1957-இல் ஸ்புட்னிக் பீப் பீப் என்று சுற்றியபோது அமெரிக்காவில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள், தாங்கள் இருக்கும் இடத்தை வைத்து ஸ்புட்னிக்கின் பாதையைக் கண்டுபிடித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டுத்தான் டிரான்சிட் என்கிற முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பே வந்தது, ஜிபிஎஸுக்கு முன்னால்.

செவ்வாயில் இன்றும் இதுதான் அடிப்படை. ரோவர் இறங்கியதும் சுற்றுக்கலனோடு நடக்கும் பேச்சில் உள்ள டாப்ளர், பூமியோடு நேராகப் பேசுவதில் உள்ள டாப்ளர், இரண்டையும் சில நாள் சேர்த்தால் இடம் சில பத்து மீட்டருக்குள் வந்துவிடும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் மேலிருந்து எடுத்த படத்தில் ரோவர் பார்க்கும் பாறையையும் மேட்டையும் பொருத்துவார்கள். பெர்சிவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கும்போதே கேமராவில் பார்த்த தரையைத் தன்னிடமிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆபத்தான இடங்களைத் தவிர்த்தது. ஆனால் அந்த வரைபடமும் சுற்றுக்கலன் எடுத்த படங்களிலிருந்து வந்ததுதான்.

நிலாவில் கதை கொஞ்சம் மாறுகிறது, ஏனென்றால் பூமி பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் இறங்கினால் பூமி எப்போதும் வானத்தில் நிற்கும், நேராகப் பேசலாம். சந்திரயான்-3 அப்படித்தான் செய்தது, ஆனாலும் மாற்று வழி ஒன்றை வைத்திருந்தார்கள். 2019-இல் விக்ரம் லேண்டர் விழுந்தபோது சந்திரயான்-2-இன் சுற்றுக்கலன் மட்டும் நல்லபடியாக மேலே தங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கென்று அனுப்பியது, ஏவியது துல்லியமாக இருந்ததால் எரிபொருள் மிஞ்சி ஆயுள் ஏழு வருடம் என்று ஆனது. அதனால் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான்-3 போனபோது புதிதாக ஒரு சுற்றுக்கலன் தேவைப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 21 அன்று, இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, பழைய சுற்றுக்கலனும் புது லேண்டரும் பேச்சை ஏற்படுத்திக்கொண்டதாக இஸ்ரோ அறிவித்தது, வா நண்பா என்று வரவேற்கிற மாதிரி. தோற்றதாகச் சொன்ன ஒரு பயணத்தின் மிச்சம் அடுத்த பயணத்துக்குக் காவலாக மேலே சுற்றிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பின்பக்கம் போனால் பூமியே தெரியாது, அங்கே ரிலே இல்லாமல் எதுவும் நடக்காது. அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் பின்பக்கம் இறங்க வேண்டும், அதற்கு ரிலே செயற்கைக்கோள் அனுப்பலாம் என்று கேட்டுப் பார்த்தார், செலவும் ஆபத்தும் அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். நிலாவைத் தாண்டி ஒரு கலத்தை எங்கே வைத்தால் பின்பக்கத்தையும் பூமியையும் ஒரே நேரத்தில் பார்க்கும் என்று விண்கலப் பாதைகளைக் கணக்கிடும் நிபுணர் ராபர்ட் ஃபார்குவர் 1960-களிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். நிலாவுக்கு அப்பால் சுமார் 65,000 கிலோமீட்டரில் பூமி, நிலா இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து இழுப்பதால் ஒரு கலம் நிலாவோடு கூடவே பூமியைச் சுற்றிவரக்கூடிய ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வளையப் பாதையில் போனால் பூமி நிலாவின் ஓரத்தைத் தாண்டி எப்போதும் தெரியும். அரை நூற்றாண்டு கழித்து சீனா அதைச் செய்தது. 2018 மே மாதம் செச்சியாவ் என்கிற ரிலே கலம் போய் அங்கே காத்திருந்தது, 4.2 மீட்டர் டிஷ்ஷை விரித்துக்கொண்டு. ஏழு மாதம் கழித்து, 2019 ஜனவரி 3 அன்று சாங்கே-4 லேண்டர் பின்பக்கத்தில் இறங்கியது. முதலில் பாலம், அப்புறம் பயணம். பெயரும் அதுதான்: சீன நாட்டுக்கதையில் வான்வெளி ஆற்றின் இரு கரையில் பிரிந்து நிற்கும் காதலர்கள் சேர வருடத்துக்கு ஒரு நாள் பறவைகள் கூடிக் கட்டும் பாலம். 2024 மார்ச்சில் இரண்டாவது பாலம் போனது, ஜூனில் சாங்கே-6 பின்பக்கத்து மண் 1,935.3 கிராமைக் கொண்டுவந்தது.

நிலாவில் ஜிபிஎஸ் எடுக்குமா என்றால், எடுக்கும், எடுத்துவிட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியைப் பார்த்துத்தான் சிக்னலை வீசுகின்றன, ஆனால் பூமிக்கு எதிர்ப்பக்கம் இருப்பவற்றின் சிக்னல் பூமியின் ஓரத்தைத் தாண்டிச் சிந்துகிறது. நாசாவும் இத்தாலிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து செய்த லூக்ரே என்ற ரிசீவர், ப்ளூ கோஸ்ட் லேண்டரில் போய் 2025 மார்ச்சில் நிலாவின் தரையில் நின்று ஜிபிஎஸ், அதன் ஐரோப்பிய வடிவமான கலிலியோ இரண்டின் சிக்னலையும் பிடித்தது. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க முடியாது. எல்லாச் செயற்கைக்கோளும் வானத்தில் பூமி இருக்கிற அந்த ஒரே மூலையில் நெருங்கி நிற்கும், கோணம் கிடைக்காது, பின்பக்கத்துக்கும் தென் துருவத்துப் பள்ளங்களுக்கும் அதுவும் எட்டாது. அதனால்தான் ஐரோப்பாவின் மூன்லைட் திட்டத்தில் நிலாவைச் சுற்றியே ஐந்து செயற்கைக்கோள், நாலு வழிகாட்ட, ஒன்று பேச. அதற்கு நேரமும் தனியாக வேண்டும். நிலாவில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் பூமியைவிட ஒரு நாளைக்குச் சுமார் 56 மைக்ரோநொடி வேகமாக ஓடும். ஒரு மைக்ரோநொடியில் ஒளி 300 மீட்டர் போகும், 56 மைக்ரோநொடியில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். ஒரே ஒரு நாள் கடிகாரத்தைச் சரிபார்க்காமல் விட்டாலே தூரக் கணக்கில் வரும் பிழை இவ்வளவு.

கடைசியாக, எத்தனை சுற்றுக்கலன் இருந்தாலும் தாண்ட முடியாத ஒரு தடை, சூரியன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வாக்கில் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே அது வந்துவிடும். சூரியனைச் சுற்றியுள்ள மின்னேற்றத் துகள்கள் சிக்னலைக் கலைத்துவிடும், பாதி உத்தரவு மட்டும் போய்ச் சேர்ந்து ஏடாகூடமாகிவிடக் கூடாது என்று இரண்டு வாரம் வாக்கில் எந்த உத்தரவும் அனுப்ப மாட்டார்கள். ரோவர் நகராமல் நிற்கும், ஆனால் வானிலையை அளக்கும், நேரத்துக்கு எழுந்து மேலே வருகிற கலத்திடம் சொல்லும். கலன் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். 2013 ஏப்ரலில் அப்படி வந்தபோது எம்ஆர்ஓ பூமிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டுப் பதிவு மட்டும் செய்தது. சூரியன் விலகி மே மாதம் பிறக்கும்போது தன்னுடைய தகவலோடு கியூரியாசிட்டியின் 12 கிகாபிட்டும் அதன் நினைவகத்தில் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.